ஆறாம் வரி

நீதிமன்றத் தாளில் ஐந்தாம் வரி
பனி தள்ளும் இயந்திரம்.
ஏழாம் வரி நாய்.
நடுவில்:
வேட்டைத் துப்பாக்கி ஒன்று, நல்ல நிலையில்,
வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

நல்ல நிலை எதுவென்று தாள் சொல்லவில்லை.
லோர்ன் சொல்லியிருக்கிறான், பதினொரு வருடம்.
உன் கார், உன் சிங்க், உன் தலையணை உறை,
எதையாவது ஒருநாள்
முழுசாகத் துடைத்திருக்கிறாயா?

சரி. துடைக்கிறேன்.

மெல்ஃபோர்ட்டில் அன்று மைனஸ் இருபத்தேழு.
ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தேன்,
காற்றுக்கு நுழையவும் வழியில்லை,
போகவும்.
தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்தேன்
(அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்).
குளியல் தொட்டியில் குழலைக் கிடத்தினேன்,
போல்ட்டைக் கழற்றிச் சோப்புத் தட்டில் வைத்தேன்.

துப்பாக்கி எண்ணெயும் தூரிகையும் இருந்த பெட்டியை
அவன் முதல் வாரமே எடுத்துப் போயிருந்தான்,
துப்பாக்கியை மறந்துவிட்டு.
சிங்க்குக்குக் கீழே இருந்தவை என்னுடையவை:
அவன் கரியைச் சுரண்டும் நுரை,
பிளீச்,
கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர்.

நுரை பட்ட இடத்தில் கறுப்பு வழிந்தது.
எத்தனை வருடத்து அழுக்கு என்று
சந்தோஷமாகத் தேய்த்தேன்.
அலுமினியத்தின் மேல்தோல் அது என்று
பிறகு சொன்னார்கள்.

குழலுக்குள் பிளீச்சை ஊற்றினேன்.
நாற்றம் தாங்காமல்
அதன்மேலேயே நீலத் தண்ணீரை.

நாய்தான் முதலில் கதவைப் பிறாண்டியது.
எனக்குத் தொண்டைக்குள் யாரோ
முள்கம்பி சுருட்டித் திருகினாற்போல.
கண்ணைத் திறந்தால் எரிந்தது,
மூடினால் படி தெரியவில்லை.
நனைந்த காலுறையோடு வெளியே விழுந்தேன்.
காலுறை பனியில் ஒட்டிக்கொண்டது.

எதிர்வீட்டு ஆர்டித்
கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
எதோடு எதைக் கலந்தாய் என்று கேட்டாள்.
மோட்டலில் ஒன்பது வருடம் அறை துடைத்தவள்.

தீயணைப்பு வண்டியில் வந்த பையன்கள்
ஜன்னல் பிளாஸ்டிக்கை எல்லாம் கிழித்தார்கள்.
நவம்பரிலிருந்து சேர்த்து வைத்த சூடு
ஒரு மணி நேரத்தில் தெருவுக்குப் போனது.
என்னை ஆக்சிஜனோடு கொண்டுபோனார்கள்.
குழலை யாரும் நினைக்கவில்லை.
இரவு முழுக்க அது தொட்டியில் ஊறியது.

மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஃபெடோருக்
துண்டைப் பிரித்தார், மூக்குக்கண்ணாடி போட்டார்,
குழலின் வழியே விளக்கைப் பார்த்தார்.
உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் என்றார்.
ஒரு கந்தல், ரெண்டு சொட்டு எண்ணெய், அவ்வளவுதானே கேட்டிருக்கும் இது?
இருமினேன்.
அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு அட்டையில் எழுதிக் கட்டினார்:
சுடக் கூடாது.
காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வக்கீல் அலுவலகம்.
லோர்ன் உறையைத் திறந்து
குழல்மேல் கட்டைவிரலை ஓட்டினான்.
விரல் பழுப்பானது.
என்ன பண்ணினாய் இதை?

துடைத்தேன் என்றேன்.
பாதிச் சொல்தான் வெளியே வந்தது,
மீதி சீறல்.

அவன் அட்டையைப் படித்தான்.
பிறகு என் தொண்டையைப் பார்த்தான்.
உள்ளே ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டான்,
எதன் உள்ளே என்று சொல்லாமல்.
ஆறாம் வரியில் கையெழுத்துப் போட்டான்.
ஏழாம் வரியைக் கயிற்றோடு கூட்டிப்போனான்.
அது வழியெல்லாம் தும்மியது.

தொட்டியில்
குழல் கிடந்த நீளத்துக்கு ஒரு துருக்கோடு.
எதைப் போட்டும் தேய்க்கவில்லை.
வெந்நீர் நிரப்பி
அதன்மேலேயே காலை நீட்டிக்கொள்கிறேன்,
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்து.