பதினோரு வினாடி

மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடி.
ஒரு வருடமாக எங்கள் பில்ட் அவ்வளவுதான் எடுக்கும்.
செவ்வாய் மாலை அது
மூன்று ஐம்பத்திரண்டு என்றது.

சர்வருக்குச் சளி, என்றான் ரெத்தோ.
ஓல்டனில் நவம்பரில் யாருக்குத்தான் இல்லை.
ஆரெ ஆற்றை விழுங்கிய பனிமூட்டம்
மரப்பாலத்தில் பாதி வரை ஏறியிருந்தது.
கோட்டை மாட்டிக்கொண்டு அதற்குள் போனான்.

நான் போகவில்லை.
ரயில் கொஞ்சம் பிந்தினாலே
ஒலிபெருக்கி தொண்டையைச் செருமும் ஊர் இது.

நாங்கள் செய்வது பெரிய மென்பொருள் இல்லை.
அடுக்குமாடிகளில் துணி துவைக்கும் அறை
யாருக்கு எந்த நாள் என்று முறை வைப்பது.
திருடி என்ன செய்வார்கள்,
அடுத்தவரின் வியாழக்கிழமையையா?
ஆனால் அறைக்குப் பூட்டு உண்டு.
அதே செயலி வாசற்கதவையும் திறக்கும்.
இருநூற்றுப் பதினான்கு வாசல்கள்.

லாக்கைப் பிரித்தேன். நாலாயிரத்துச் சொச்சம் வரி.
அரிசியில் கிடக்கும் கல்லும்
அரிசி நிறம்தான்.

இதில் எங்கள் கைப்பட எழுதியது கொஞ்சம்.
மற்றதெல்லாம் இரவல்:
ஒன்று சுருக்கும், ஒன்று சோதிக்கும்,
ஒன்று பொதி கட்டும்.
எழுதியவர்களின் முகம் தெரியாது,
ஒருவருக்கு முகமிருக்கும் இடத்தில் பூனை.
அவர்கள் கையில் ஒவ்வொரு முறையும்
சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு
முதுகைக் காட்டி நின்றிருக்கிறோம்.

நள்ளிரவு தாண்டி, வரி 2916.
அர்த்தமில்லாத நீண்ட சரம்,
வால்முனையில் இரண்டு சமக்குறி.
அவிழ்த்தேன்.
உள்ளேயும் அர்த்தமில்லாத சரம், இரண்டு சமக்குறி.
மறுபடி அவிழ்த்தேன்.
எங்கள் சாவிகள்.
திறந்த நிரல் என்று பெருமையடித்து
உலகமே எட்டிப் பார்க்க விட்டிருந்த லாக்கில்,
துவைத்துக் கொடியில் போட்டதுபோல
வரிசையாக.

போட்டது எது?
சாவி எங்காவது கசிகிறதா என்று மோப்பம் பிடிக்க
நாங்களே வைத்த காவல்.
வேலி, பயிர்...
பழமொழியை முடிக்கத் தெம்பில்லை.
கோப்பி மெஷினும் அணைந்துவிட்டிருந்தது.

பெயர் அதே பெயர். பதிப்பு நான்கு, அதே நான்கு.
ஞாயிறு இரவு யாரோ
பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி
வேறொரு கதவில் மாட்டியிருக்கிறார்கள்.
எங்கள் பில்ட் தபால்காரன் மாதிரி
பலகையைப் படித்தது,
நீட்டிய கையில் கொடுத்துவிட்டு வந்தது.

இந்தப் பெயரை நம்பி எழுதியவர் யார்?
அந்த ஒரு வரியின் வரலாற்றைத் தோண்டினேன்.
மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச்.
எழுதியவர்: ரெத்தோ.
சரிபார்த்தவர்: த. மிருணாளினி.
குறிப்பு எதுவும் இல்லை, ஒரு கட்டைவிரல் மட்டும்.
என் கட்டைவிரல்.

இரண்டு பத்துக்கு அவனை எழுப்பினேன்.
கோட்டுக்குள் பைஜாமாவோடு வந்தான்,
சளியைப் பற்றிக் கதைக்கவில்லை.
ஒவ்வொரு சாவியாகக் கொன்று புதிது வார்த்தோம்.
பதிப்புப் பெயரை அழித்துவிட்டு
நாற்பது எழுத்து ரேகையைப் பதித்தேன்.
கட்டைவிரலுக்கு இதுவாவது தெரிந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்குப் பூனைப் படத்துக்காரன் எழுதினான்,
எந்த நாட்டிலிருந்தோ:
மன்னியுங்கள், உடைந்தது என் கணக்குத்தான்.
எட்டு வருடமாக இதை நான் ஒருவன்தான்
வேலைவிட்டு வந்து பார்க்கிறேன்.
மகளுக்குப் பல் முளைக்கிறது, மூன்று நாளாகத் தூக்கமில்லை.
திட்ட வாய்க்குள் வைத்திருந்ததை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
எங்கள் எட்டு வருடத்தில்
அவனுக்கு நன்றி என்று ஒருவரும் எழுதியதில்லை.

ஐந்தரைக்குக் கடைசி ஓட்டம்.
மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடி.
ரெத்தோ கையைத் தட்டினான்.
நான் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்தேன். புதன், என் முறை.
நிலவறைக் கதவில் ஒட்டிய பட்டியலில்
என் பெயர் சரியாகத்தான் இருந்தது.
மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள்
யாருடைய துணியோ சுற்றிக்கொண்டிருந்தது.