பதினான்கு எழுத்து

வெள்ளி இரவு பதினொன்றரை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலில் நிலக்கரிப் புகை உறைந்து கிடக்கிறது.
உலான்பத்தாரின் கம்பளி ஆலையில்
விழித்திருப்பது சர்வரும் நானும்தான்.

கொள்கை என்பது சில கட்டங்கள்.
நீளம்: எட்டை அழித்துப் பதினான்கு.
ஆயுள்: தொண்ணூறு நாள்.
பூட்டு: ஐந்து முறை பிழைத்தவருக்குப்
பதினைந்து நிமிடம் பிழைப்பில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் திங்கட்கிழமையை
ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டு
ஆறிப்போன பால்தேநீரைக் குடித்தேன்.
உப்பு கூடியிருந்தது.

இரக்கமில்லாதவள் என்பார்கள்.
போன வாரம் கடவுச்சொற்களைச் சோதித்துப் பார்த்தவள் நான்.
நாற்பத்தொரு பேருக்கு ஒரே சொல், ஆலையின் பெயர்.
கிடங்கு பியாம்பாவுக்குத் தன் குதிரையின் பெயர்,
அது பந்தயத்தில் வென்ற ஆண்டு வால்போல் பின்னால்.
மங்கோலியச் சொல்லை ஆங்கில விசைகளில் அடித்து
யாருக்கும் புரியாதென நம்பிய
கணக்காளர் ஸெவெல்மாவுக்கு
மாமியாரைப் பற்றி ஒரு வசை.
எனக்குப் புரிந்தது.
சிரிக்காமல் அவளுக்குக் காலை வணக்கம் சொல்லப் பழகியிருக்கிறேன்.

இயக்குநர் தாம்தின் முன்பே சொல்லிவிட்டார்:
"எல்லோருக்கும் போடு. என்னை மட்டும் விட்டுவிடு."
விடவில்லை.
என்ன திட்டு வருமோ என்று
சனி ஞாயிறு முழுக்கப் பதில்களை ஒத்திகை பார்த்தேன்.

திட்டு வரவில்லை.
திங்கள் எட்டு ஐந்துக்கு வந்தது அமைதி.
கீழ்த்தளத்தில் நாற்பது பின்னல் எந்திரங்கள்
பாதிக் கையோடு, பாதிக் கழுத்தோடு நின்றிருந்தன.
எந்திரங்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது.
அவை சுற்றறிக்கை படிப்பதில்லை.

பதினோராண்டு மாறாத சொல் அது; என் சட்டத்தில் காலாவதி.
பழையதைச் சொன்னால்தான்
புதியதை ஏற்கும் ஒவ்வொரு எந்திரத்தின் பெட்டியும்.
வைத்தவன் ஒர்கில்.
இப்போது கொரியாவில் ஏதோ கார் கம்பெனி.
அழைத்தேன். பின்னணியில் வெல்டிங் சத்தம்.
"இன்னுமா மாற்றவில்லை?" என்று
இருமல் வரும்வரை சிரித்தான்.
பிறகு எழுத்தெழுத்தாகச் சொன்னான்:
தராஸோலினோ.
'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று பொருள்.
ஆங்கில எழுத்தில் பதினொன்று.
மூன்று குறைவு.

நாற்பது பெட்டியிலும்
பழையதை அடித்து, புதியதை அடித்து
முடிக்கையில் மதியம் இரண்டு.
தன் கணக்கு பூட்டிக்கொண்டதைச் சொல்ல வந்த தாம்தின்
எந்திரங்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்,
சொல்லாமலே போனார்.

மேலே வந்து விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தேன்.
கணக்கு: பின்னல் எந்திரம்.
ஆயுள்: வரம்பில்லை.
காரணம் என்று கேட்டது கடைசிக் கட்டம்.
வெறுமையாக விட அனுமதியில்லை,
அந்த விதியும் நான் போட்டதுதான்.
பசியில் யோசிக்காமல் அடித்தேன்
பதினோரு எழுத்து.