கரம் தீர்த்த ரசீது

சனிக்கிழமை பத்தரைக்கு
நெய்யாற்றின்கரை கிளைச்சிறையின் சின்னக் கதவு
குனிந்தால்தான் உள்ளே விடும்.
சோப்பை இரண்டாக அறுத்துப் பார்ப்பார்கள்.
பன்னில் கம்பி குத்துவார்கள்.
பாட்டுப் புத்தகத்தை மட்டும்
ஒரு உதறு உதறித் திருப்பித் தருவார்கள்.
ஆறு வருடமாய் இதே ஒழுங்கு.

அந்தச் சனி நான் கொஞ்சம் மினுங்கினேன்.
பன்னிரண்டு நாள், உகாண்டா,
நாங்கள் நாலு பேரும்.
மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குத் தூத்துக்குடி வரை போய் வந்தது,
அபிலினுக்குக் கை வீங்கியது,
ஒரே நிறத்தில் நாலு பனியன் அடித்தது,
அங்கே ஒரு பெரிய ஜெயிலில் பிள்ளைகள் பாடப்போவது
எல்லாம் சொல்லி, எங்களுக்காக ஜெபிக்கக் கேட்டேன்
கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம்.
ஜெபித்தார்கள். தாசையன் சத்தமாகவே.
பிறகு கேட்டான்:
"அது எத்தற தூரம் அக்கா?"
"வழியில ஒரு விமானம் மாறணும். பதினாறு மணி நேரம்."
"எனக்க வீடு படந்தாலுமூட்டுல.
செக்போஸ்ட் தாண்டினா மூணு கல்லு."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது
வார்டன் சாவியைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்:
ரேஷன் அரிசி லாரி. ஓட்டினவன் மட்டும் உள்ளே.
ஜாமீன் கிடைத்து எழுபது நாள்.
இந்தப் பக்கம் நிலமுள்ள ரெண்டு பேர்
கரம் தீர்த்த ரசீதோடு வர வேண்டும்.
எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு
யார் வருவா?

எழுபது நாளில் பத்து சனி.
பத்து சனியும் நான் விடுதலையைப் பற்றித்தான் பேசினேன்.

பாறசாலையில் பதினொரு சென்ட் என் பேரில் இருக்கிறது.
அதன் ரசீது அலமாரியில்,
நாலு பாஸ்போர்ட்டுக்கும் அடியில்.
சொன்னதும் ரசலையன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.
"பிணைப்படாதேன்னு வேதத்திலேயே இருக்கு."
இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டுமல்ல.
"ஓடிப்போனா?"
ஓடலாம். மூணு கல்லுதானே.
நமக்குப் பிணையாய் நின்றவர் அதை யோசித்தாரா
என்று நாக்கு வரை வந்தது.
பிரசங்கம் போல இருக்கும் என்று
மரச்சீனியோடு சேர்த்து விழுங்கினேன்.

இரவு பதினொன்றுக்கு
பெட்டியின் எடை பார்க்க எழுந்த மனிதர்
ரசீதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு
ஒரு பேச்சும் இல்லாமல் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் ஆளுக்கு
சபையில் ஏழு பேரிடம் கேட்டேன்.
ஏழு பேரும் ஜெபிப்பதாகச் சொன்னார்கள்.
ஜெயிலுக்கு எதிரே சாயா அடிக்கும் அஷ்ரப்
கிளாசைக் கழுவியபடி
"எந்தக் கோர்ட், எத்தனை மணிக்கு?"
என்று மட்டும் கேட்டார்.

உறவு என்ற கட்டத்தில்
குமாஸ்தாவின் பேனா நின்றது.
"சனிக்கிழமை பழக்கம்" என்றேன்.
அவர் ஒரு கோடு போட்டார்.

தாசையன் வெளியே வந்தான்.
நன்றி சொல்லவில்லை, செருப்பைத் தேடினான்.
உள்ளே போன அன்று கழற்றியது; காணோம்.
வெறுங்காலோடு களியக்காவிளை பஸ்ஸில் ஏறினான்.
திங்கள்தோறும் காலை பத்துக்கு
ஸ்டேஷனில் கையெழுத்து.

இன்று திங்கள். ஜிஞ்சா. மணி ஏழரை.
ஊரில் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது.
வேகவைத்த கடலை, இஞ்சி போட்ட பால் சாயா.
பனியனின் புது மடிப்பு இன்னும் கலையவில்லை.
ஜெயிலுக்குக் கிளம்புமுன்
அங்குள்ள போதகர் என் பக்கம் திரும்பி
விசுவாசம் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்.
மொழிபெயர்க்கிற பெண் என் வாயையே பார்க்கிறாள்.

நான் வாட்சைப் பார்க்கிறேன்.
ஸ்டேஷன் படியில்
இந்நேரம் ஒரு கால் ஏறியிருக்குமா?
செருப்பு வாங்கியிருப்பானா?