எதுவரைக்கும்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி வராந்தா.
தினத்தாள் விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.
உள்ளே, பதினேழாம் கட்டிலில், தேவசகாயம்.

முதல் இரவு என் சொற்களால்தான் ஜெபித்தேன்.
காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுவதுபோல் இருந்தது:
இவரைத் திருப்பித் தாரும், நாற்பது நாள் உபவாசம்;
சரி, எண்பது.
மூன்றாம் இரவில் பேரமும் தீர்ந்தது.
வாயில் காபிக் கசப்பு மட்டும்.

பைக்குள் வேதப்புத்தகம்.
வியாசர்பாடியில் வெள்ளம் ஏறிய வருஷம்
டிரங்குப் பெட்டியோடு இரண்டு நாள் ஊறியது.
அன்றிலிருந்து அதன் ஜிப் மூடுவதில்லை.
உப்பிய தாள்கள் தாமாக விலகி
ஒரு சங்கீதத்தில் நிற்கும்.
அங்கே எவனோ, என்னைவிடச் சத்தமாக,
கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்:
எதுவரைக்கும்?

இப்படிக் கேட்கலாமா?
கேட்டதை எழுதியும் வைத்திருக்கிறார்கள்.
அவரும் அதை அடித்துத் திருத்தாமல்
தம் புத்தகத்திலேயே விட்டு வைத்திருக்கிறார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்,
29சி நெரிசலில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல.
வண்டியை நான் ஓட்டவில்லை.
கையை விடவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துத் தாளில் படுத்திருந்த மெகருன்னிசா,
எண்ணூர்க்காரி, மகன் உள்ளே,
தலையைத் தூக்கினாள்.
'ராத்திரி பூரா என்னம்மா கேட்டுட்டே இருக்கே?'
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தாள்.
'எனக்கும் சேர்த்துக் கேளு.'

கேட்டேன்.
நாலரை மணிக்குக் கதவைத் திறந்து
நர்ஸ் ஒரு நம்பர் சொன்னாள்.
ஃபேன் சத்தத்தில் சரியாக விழவில்லை.
இருவருமே எழுந்தோம்.