இருபது சென்டிமீட்டர்

சுப்பீரியர் ஏரியின் வடகரையில்
எங்கள் சிறு நகராட்சிக்காக
நான் அளக்கிறேன்.
வேலியின் உயரம், நாய்ச் சங்கிலியின் நீளம்,
நடைபாதையில் அள்ளாமல் விட்ட பனியின் ஆழம்.
புல்லென்றால் இருபது சென்டிமீட்டர்.
அதற்கு மேல் போனால் அது புல் இல்லை,
புகார்.

நவம்பர் கடைசியில் வந்தது ஒன்று.
‘பதினேழாம் எண், இல்மா கொஸ்கெலா.
செத்த செடிகளை நிற்க விட்டிருக்கிறாள்.
தெருவுக்கே விலை இறங்குகிறது.’
எழுதியவர் பக்கத்து வீட்டு ரஸ்ஸல் பீட்டி.
அவர் முற்றம்
சவரம் செய்த தாடை.

இல்மா வீட்டில் இல்லை.
தானியக் கிடங்கில் பகல் ஷிஃப்ட்.
கதவில் ஒரு சீட்டு:
‘அளந்துகொள்ளுங்கள். பால் கேன்களைத் தட்டிவிடாதீர்கள்.’

பனிக்குள் பதினொரு பிளாஸ்டிக் கேன்கள்,
இடுப்பில் அறுத்து, மண் நிரப்பி,
மறுபடி டேப் ஒட்டியவை.
மார்க்கரில் கோணல் எழுத்து:
சதுப்பு மில்க்வீட். நீல வெர்வெய்ன்.
‘என்னவென்று மறந்துவிட்டது, பார்ப்போம்.’
கடைசிக் கேனில், தனக்கே எழுதிக்கொண்டது போல:
‘குளிரட்டும்.
இரக்கப்பட்டு உள்ளே தூக்கி வராதே.’

கோல்டன்ராட், நூற்று நாற்பது.
ஆஸ்டர், தொண்ணூற்றெட்டு.
எழுதி முடிப்பதற்குள்
நெற்றியில் குங்குமம் தீற்றிய குருவிக் கூட்டமொன்று
வந்திறங்கித் தலைகீழாய்த் தொங்கி
என் கணக்கை வளைத்தது.
தொண்ணூற்றொன்று. எண்பத்தாறு.
பறந்ததும் பழையபடி தொண்ணூற்றெட்டு.
எதை எழுதுவது?

போன வருடத்து ராஸ்பெரித் தண்டொன்றை
நிமிர்த்திப் பிடித்தேன்.
உடைந்தது.

உள்ளே
ஒண்டுக் குடித்தனம்.
ஒருத்தியின் பின்னால் ஒருத்தியாய் நான்கு தேனீக்கள்,
அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்,
மைக்கூட்டில் முக்கியெடுத்த கருநீலம்.
கூரை போனது தெரியாத தூக்கம்.
ஒன்றின் கால் மட்டும் அசைந்தது.
என் மூச்சின் சூடு.
சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடம்.
வெட்டச் சொன்ன முற்றங்களை
எண்ணத் தொடங்கினேன்.
ஏரிக்கரைத் தெருவைத் தாண்டவில்லை.

வண்டியில் முதலுதவிப் பெட்டி இருந்தது.
கையுறை கழற்றி, விரல் மரத்துப்போக,
முறிவோடு முறிவைப் பொருத்திப் பிளாஸ்திரி சுற்றினேன்.
காற்றுக்குத் தாங்கவில்லை.
சிம்பு வேண்டும்.
சுற்றிலும் பனி. கையில் இருந்தது
மரத்தால் செய்த, நகராட்சி முத்திரை போட்ட
ஒரு மீட்டர் அளவுகோல்.

அலுவலகத்தில் எழுதினேன்:
‘ஆய்வு முடியவில்லை. கருவி கைவசம் இல்லை.’

ஜனவரியில் ரஸ்ஸலின் இரண்டாவது புகார்:
‘செடிகள் அப்படியே நிற்கின்றன.
இப்போது நடுவில்
ஓர் அளவுகோலும் நிற்கிறது.
பனி அதில் நாற்பத்தொன்று.
காலையில் ஒரு குருவி
ஐம்பதின் மேல் உட்கார்ந்திருந்தது.’

ரஸ்ஸல்,
எதற்காக அவ்வளவு நேரம்
பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?