டிக்கியில் ஐந்து குதிரை

திம்பம் ஒன்பதாவது வளைவில்
ஜென் மூச்சு வாங்கியது.
சத்தியில் கரும்பை இறக்கிவிட்டு
வெறும் வயிற்றோடு திரும்பும் லாரி பின்னால்.
அதன் ஹாரனில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது.

ஆர்.சி. புத்தகம் வந்த காலத்தில் ஐம்பது குதிரை.
இருபத்தாறு வருசத்தில்
எத்தனை ஓடிப்போயின, எத்தனை படுத்துவிட்டன,
யாரும் தலை எண்ணவில்லை.

இத்தனைக்கும் குதிரை விற்பதுதான் என் பிழைப்பு.
மூணு, அஞ்சு, ஏழரை, பத்து.
ஆயிரம் அடிக் குழிக்குள் தலைகீழாய் இறங்குபவை.
எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போதே
'தோட்டத்துல எத்தனை ஹெச்.பி. ஓடுது' என்பார்கள்.
எனக்கு ஓர் ஐந்து கூடினால் போதும்.
பந்தயத்துக்கு அல்ல,
ஒன்பதாவது வளைவில் செகண்ட் கியர் நிற்க.

ஆவாரம்பாளையத்தில் ஆறுக்குட்டி
என் கொட்டேஷன் தாளின் முதுகில் எழுதிக்கொண்டே வந்தார்.
'கூம்பு ஃபில்டருங்களா? சத்தம் ரெண்டு குதிரைக்கு வரும்,
இழுவை அரைக் குதிரைக்கு.
பானட்டுக்குள்ள வெந்த காத்தைத்தானுங்க அதும் குடிக்கோணும்.'
ஹெட்டை அரை மில்லி சீவினால் நாலு.
'ஆனா நம்மூர் பெட்ரோலுக்கு ஏத்தத்துல தட்டும்.
பிஸ்டன்ல ஓட்டை உழுந்தா
நாலு வந்த வழியில நாப்பது போயிருமுங்.'
உக்கடம் அபுதாகிர் கடையில்
செட்டிபாளையம் டிராக்கில் ஓடிய வண்டியின் ஹெடர் பைப்,
சத்தியமாக மூன்று குதிரை என்கிறார்.
சத்தியத்துக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லையாம்.
டர்போ என்று வாயெடுத்தேன்.
'டீ ஆறுதுங்க' என்றார்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி
ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்தார்.
நூற்று எழுபது. நூற்று அறுபத்தெட்டு.
மூன்றாவதில் முள் நூற்றுப் பதினெட்டில்
உட்கார்ந்துகொண்டது.
'இந்த வூட்டுல ஆளே இல்லீங்க.
புதுசு வாங்கறதுக்கு முன்னால
போனதைப் புடிச்சுக் கட்டலாமுங்களா?'

எங்கேயோ கேட்ட குரல். என்னுடையதுதான்.
தாளவாடியில் முட்டைக்கோசு போட்டவர்
ஏழரையை எடுத்துவிட்டுப் பத்து கேட்டபோது
'முதல்ல பைப் ஒழுகுதான்னு பாருங்க' என்றேன்.
அவர் பார்க்கவில்லை.
நானும் பத்தை விற்றுவிட்டு வந்தேன்.

வால்வு தேய்த்தார். டைமிங்கை இரண்டு டிகிரி முன்னால் தள்ளினார்.
அப்புறம்,
'டிக்கியைத் தொறங்க.'
மூன்று வருசத்து கேட்லாக் கட்டு,
கேபிள் சுருள், எதற்கென்றே தெரியாத இரண்டாவது ஜாக்கி,
நடுவில் சாக்கு போர்த்திய டெமோ மோட்டார்.
அஞ்சு ஹெச்.பி. ஐம்பத்தெட்டு கிலோ.
அவர் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.
'ஏனுங் அம்மிணி,
அஞ்சு குதிரையை முதுகுல தூக்கி வச்சுக்கிட்டு
அஞ்சு குதிரை பத்தலைங்கறீங்களே.'

மோட்டாரை இறக்க முடியாது.
போட்டோ காட்டினால் ஒருவரும் முன்பணம் தருவதில்லை.
கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல்
நாலு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு.
மற்றதையெல்லாம் இறக்கினேன். இருபத்தொரு கிலோ.

வெள்ளிக்கிழமை உக்கடம் போய்
ஹெடர் பைப்பையும் வாங்கிவிட்டேன்.
தாளின் முதுகில் அது அடிக்கப்பட்டிருந்தது.
சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது வளைவு: செகண்ட் கியர்.
பத்து. பதினொன்று. வாய்விட்டு எண்ணினேன்.
பதினைந்தில் ஒரு குரங்கு
தடுப்புச் சுவரிலிருந்து எழுந்து வழிவிட்டது.
உயரத்தில் காற்று மெலியும்,
மலை பத்துக்கு ஒன்று வரி பிடிக்கும்
என்று ஆறுக்குட்டி சொல்லியிருந்தார்.
இருபத்திரண்டில் பிடித்தது.
ஃபர்ஸ்ட்டுக்கு இறங்கினேன்.
பின்னால் அதே ஹாரன், அதே வார்த்தை.
டிக்கியில் அந்த ஐந்தும்
இடமிருந்து வலமாக ஒருமுறை உருண்டு,
அடுத்த வளைவுக்குக் காத்திருந்தன.