பக்கம் பதினான்கு

செவ்வாய் மாலை ஆறரை. பண்டத்தரிப்பில்
சேர்ச் மண்டபத்துக்குள் பன்னிரண்டு பேர்.
கணக்குப் பார்த்து வந்ததல்ல,
இரண்டு பேருக்குக் காய்ச்சல்.
வெளியே கார்த்திகை மழை.
பிளாஸ்டிக் கதிரைகள் இரண்டிரண்டாய்
முகம் பார்த்து நின்றன.

சீஷராக்குதல் பயிற்சி, மூன்றாம் கிழமை.
போதகர் இல்லை; அவருக்கு ஐந்து சபைகள்,
ஒரு மோட்டார் சைக்கிள்.
"அதுதான் நாங்கள்," என்றார் நேசராசா,
பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர்.
"இனி நீங்கள்தான் ஆளை ஆள் வளர்க்கவேணும்."
எனக்குக் கத்தரிக் கன்றுகள் ஞாபகம் வந்தன.
போன மழையில் நான்கு அழுகிப்போயின.

நான் மின்சாரசபையில் மீற்றர் வாசிக்கிறவன்.
எந்த ஒழுங்கையில் எந்த நாய் கடிக்கும், தெரியும்.
சுவரில் ஓடும் இலக்கத்தைப் பார்ப்பேன், எழுதுவேன்,
அடுத்த படலை.
உள்ளே ஆர் அழுதாலும் அலகு அலகுதான்.

ஒருவர் சபைக்கு வராதவராக நடிக்கவேணும்,
மற்றவர் கேட்கவேணும்.
பத்து நிமிஷம். புத்திமதி கூடாது. வசனமும் கூடாது.
எனக்கு வாய்த்தது எமில்டா அக்கா:
காணிக்கை எண்ணுகிறவ, பீடத்துக்குப் பூ வைக்கிறவ,
பாட்டில் நான் சுருதி தவறினால்
திரும்பிப் பார்க்கிறவ.

"நான் வராத ஆள், சரியோ?" என்று சிரித்தா.
"ஏன் வாறேல்ல?" என்று கேட்டேன்,
புத்தகத்தின் பதினான்காம் பக்கத்துக்குள்
விரலை வைத்துக்கொண்டே.
எந்தச் சாட்டுக்கும் ஒரு பதில் அங்கே இருந்தது.

கறண்ட் போனது.
மிச்சப் பதினொரு பேரும் ஒரே குரலில்,
"உன்ர ஆக்களுக்கு அடிச்சுச் சொல்லு தம்பி!"
மெழுகுதிரி இருந்தது. நெருப்புப்பெட்டி நனைந்திருந்தது.

சிரிப்பு அடங்கமுன்னம்
எமில்டா அக்கா அதே நடிப்புக் குரலில் சொன்னா:
"நாலு வருஷமா நான் ஜெபிக்கேல்ல.
பூ வைக்கிறன். காசு எண்ணுறன்.
கண்ணை மூடினா,
வத்தின கிணத்துக்குள்ள வாளி விழுற சத்தம்."

விரலை எடுத்தேன். புத்தகம் தானாக மூடிக்கொண்டது.
நாக்கு நுனிவரை வந்த வசனத்தை
தண்ணீர் இல்லாமல் மாத்திரை விழுங்குவதுபோல
விழுங்கினேன்.
"ஒருத்தரும் கேக்கேல்லையோ அக்கா?"
"நீ கேட்டனி.
அதுவும் பயிற்சிக்கு."

நேரம் முடிஞ்சுது, மாறுங்கோ என்றார் நேசராசா.
இனி நான் வராதவன்.
"வேலை," என்றேன். "ஞாயிறும் வேலை."
அவ ஒன்றும் சொல்லவில்லை.
இருட்டில் ஓர் ஆள் காத்திருப்பது
ஓட்டில் விழும் மழையைவிடச் சத்தமாய்க் கேட்டது.
நான் ஞாயிறில் ஒருநாளும் வேலை செய்ததில்லை.

வெளிச்சம் வந்தபோது எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம்.
வீட்டுப்பாடம்: இந்தக் கிழமை
போய்ச் சந்திக்கப்போகும் ஒருவரின் பெயர்.
அரிசி மில்காரர் பெயரை எழுதி வைத்திருந்தேன்.
வெட்டினேன்.
பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தால்
அவவின் சாய்ந்த எழுத்தில்
என் பெயர், எழுத்துப்பிழையோடு.

நேசராசா தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார்.
சீனி காணாது.